தூங்கினியா என்று நான் கேட்காத வீடுகள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கைகளே, உங்களுக்குப் புத்தி சொல்ல என்னைப் பிடித்திருக்கக் கூடாது. எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் காலை ஏழரைக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறேன். எங்கே கிளம்பிவிட்டாய் என்று வீட்டுக்காரர் கேட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவேன். இதை எழுத உட்கார்ந்த பிறகு மட்டும் நான்கு தடவை எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

திண்டிவனத்துக்கும் ஒலக்கூருக்கும் இடைப்பட்ட ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக முப்பது வருடத்துக்கு மேல் சுற்றியவள் நான். ஊரில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்ல மாட்டார்கள். நர்சம்மா என்பார்கள். முதலில் சைக்கிள், பிறகு ஸ்கூட்டர். எடை பார்ப்பது, ஊசி போடுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். டேப்லெட்டில் விரலை ஓட்டுவதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரிகள். அதில் நான் தலையிடவில்லை. ஒரே ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

பிரசவமான வீட்டுக்குள் நுழைந்தால் என் வாயிலிருந்து கேள்விகள் தானாக வரும். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, பால் இறங்குதா, கொழந்த ஒண்ணுக்குப் போச்சா, தையல் வலிக்குதா. பதில் வருவதற்குள் அடுத்த கேள்வி. தூங்கினியா என்று மட்டும் கேட்டதில்லை. பிள்ளை பெற்றவளிடம் அதைக் கேட்டால் கிண்டல் செய்கிறேன் என்று நினைப்பாள் என்பது என் எண்ணம்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு ஒரு பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள். ஊர்ப் பெயரும் அவள் பெயரும் சொல்ல மாட்டேன். இங்கே மலர் என்று வைத்துக்கொள்வோம். பி.காம் படித்தவள். புருஷனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவான். அப்பா பகலெல்லாம் கொல்லையில், அதாவது நிலத்தில், வேலையாக இருப்பார். வீட்டில் மலரும் அவள் அம்மாவும்தான். சுகப்பிரசவம், பெண் குழந்தை, எடை இரண்டு கிலோ நூறு.

அந்த எடை என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. எடை குறைந்த குழந்தை என்றால் எனக்கு இருப்புக் கொள்ளாது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே போய் நின்றேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்க வேண்டும், ராத்திரி என்று பார்க்கக் கூடாது, தூங்கினால் எழுப்பிக் கொடுக்க வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? அவள் போனை வாங்கி, இரண்டு மணி நேரத்துக்கொரு அலாரத்தை என் கையாலேயே வைத்துக் கொடுத்தேன். ஒரு நோட்டில் நேரத்தை எழுதிக்கொண்டே வா, நான் வந்து பார்ப்பேன் என்றேன்.

மலர் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். ஏழாம் நாள் போனபோது நோட்டை நீட்டினாள். கோடு போட்டு, முத்து முத்தான எழுத்தில், பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. ஒரு வேளைகூடத் தவறவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தின் அடியில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் போட்டோ எடுத்து எங்கள் வாட்ஸாப் குழுவிலும் போட்டேன். அம்மா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரி வேறு.

இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு, நீங்களும் பார்ப்பீர்கள். பிள்ளை பெற்றவளைப் பகலில் தூங்க விட மாட்டார்கள். பச்சை உடம்பு, பகலில் கண் அசந்தால் நீர் கோத்துக்கொள்ளும், உடம்பு ஊதிப் போகும் என்பார்கள். மலரின் அம்மா மல்லாட்டை பறிப்பை, அதுதான் வேர்க்கடலை பறிப்பை, விட்டுவிட்டு மகளுக்குப் பத்தியம் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தவர். மகள் தலை சாய்ந்தால் போதும், பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதாவது பேச்சுக் கொடுப்பார், தலை வாரிவிடுவார், டிவியைப் போடுவார். எல்லாம் பாசம்தான். இதைப் பார்த்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றுவதோடு சண்டை போட்டிருக்கிறேன், சர்க்கரைத் தண்ணீரோடு சண்டை போட்டிருக்கிறேன். இது யாரையும் கொல்லாத பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

ராத்திரியை நான் எடுத்துக்கொண்டேன், பகலை அவள் அம்மா எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு மிச்சம் எது என்று யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பதினான்காம் நாள் போனேன். குழந்தைக்கு எடை நன்றாக ஏறியிருந்தது. நோட்டில் இன்னொரு 'மிக நன்று' போட்டேன். மலர் ஸ்டூல் மேல் ஏறி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு பளபளப்பு. படபடவென்று பேசினாள். ஆரம்பித்த பேச்சை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினாள். குழந்தையை வங்கிப் பரீட்சை எழுத வைப்பேன் என்றாள், பரண் முழுக்கத் தூசி என்றாள், என் கைப்பையைக்கூட வாங்கி அடுக்கி வைத்தாள்.

"தூக்கமே வர்றதில்ல சிஸ்டர். படுத்தாலும் கண்ணு மூட மாட்டேங்குது. ஆனா டயர்டே இல்ல. நல்லதுதானே?" என்று கேட்டாள்.

"கொழந்த பெத்தவளுக்கு ஏதும்மா தூக்கம்?" என்றேன் நான். எல்லோரும் சிரித்தோம். "பாருக்கா, உன் பொண்ணு எவ்ளோ சுறுசுறுப்பு" என்று அவள் அம்மாவிடம் சர்டிபிகேட் வேறு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். அவள் என் கையில் கொண்டுவந்து வைத்த செய்தியை அவளுக்கே பதக்கமாகக் குத்திவிட்டு வந்தவள் நான். இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அதற்கு அடுத்த புதன்கிழமை. புதன் என்றால் தடுப்பூசி நாள். பெட்டியில் ஐஸும் மருந்துமாக வண்டியில் கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்குப் பக்கத்து ஊர் அங்கன்வாடியில் இருக்க வேண்டும். நாற்பது தாய்மார்கள் வருவார்கள். எட்டரைக்கு அவர்கள் தெருமுனையைத் தாண்டும்போது மலரின் அம்மா ஓடிவந்து வண்டியை மறித்தார். தலைகூட வாரவில்லை.

"நர்சம்மா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. புள்ள ஒரே பேஜாரு பண்றா. என்னான்னே தெரில."

"பால் குடிக்குதாக்கா கொழந்த?"

"கொழந்த நல்லா இருக்குது. இவதான்."

"ஊசிக்குப் போறேன்க்கா. மத்தியானம் வர்றேன்" என்றேன். வண்டியை அணைக்கவில்லை.

அவர் வண்டியின் கைப்பிடியை விடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காலைல கெணத்தாண்ட போயி நின்னுக்கினு இருந்தா நர்சம்மா. தண்ணி எறைக்க வந்தேன்னு சொல்றா. மோட்டார் போட்ட கெணறு. அதுல என்னா எறைக்கறது?"

வண்டியை அணைத்தேன்.

மலர் கூடத்தில் சுவரோடு சாய்ந்து விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். குழந்தை எதிர் மூலையில் பாயில் கிடந்தது. நான் உள்ளே வந்ததும் அவள் முதலில் சொன்னது, "கொழந்தைய அம்மாகிட்டயே குடுத்துடுங்க சிஸ்டர். என் கையில வேணாம்" என்பதுதான்.

"ஏன்ம்மா?"

"அது தூங்கும்போதும் அழுவுது. உங்களுக்குக் கேக்கலையா? எனக்குக் கேட்டுக்கினே இருக்குது. நான் பக்கத்துல இருக்கறதாலதான் அழுவுது. நான் இல்லன்னா நிம்மதியா தூங்கும்."

குழந்தை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடும் என்று எல்லோரும் பயப்படுவார்கள். நானும் பயந்தேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"மலரு, செத்துடலாம்னு தோணுதா கண்ணு?"

அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மலர் கொஞ்ச நேரம் யோசித்தாள். கணக்குக் கேட்டால் யோசிப்பாளே, அப்படி.

"சாவணும்னு இல்ல சிஸ்டர். எதுவும் கேக்காம கொஞ்ச நேரம் இருக்கணும். கெணத்துக்கு உள்ள போனா கேக்காதுன்னு நெனச்சேன்."

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்குப் போன் போட்டேன். என் மகள் வயசுப் பெண். வந்து ஆறு மாதம்தான். இதற்கெல்லாம் இவளுக்கு என்ன தெரியும் என்று எனக்குள் ஒரு இளக்காரம் இருந்ததை ஒத்துக்கொள்கிறேன். நான் மூச்சுவிடாமல் எடை, பால், காய்ச்சல் என்று ஒப்பித்தேன். அவர் இடையில் நிறுத்தி ஒன்று கேட்டார்.

"சிஸ்டர், அவங்க கடைசியா தொடர்ந்து மூணு மணி நேரம் தூங்கினது எப்போ?"

எனக்குத் தெரியாது. நோட்டை எடுத்துப் புரட்டினேன். பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. அடுத்த பக்கமும் அதே. பால் கொடுத்த கணக்கு என்று நான் பார்த்துக்கொண்டிருந்த நோட்டு, அந்தப் பெண் விழித்திருந்த கணக்கு. நோட்டு தொடங்கிய நாளிலிருந்து ஒரு இடைவெளி இல்லை. இரண்டு இடத்தில் அடியில் என் கையெழுத்து, 'மிக நன்று'.

"பிரசவம் ஆனதிலேருந்து தூங்கலைங்க டாக்டர்" என்றேன்.

"அவங்களைத் தனியா விடாதீங்க. ஒரு நிமிஷம்கூட. குழந்தையோட தனியாவும் விடாதீங்க. நான் விழுப்புரத்துல மனநல டாக்டர்கிட்டப் பேசிட்டு வண்டி அனுப்பறேன். ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நீங்க அங்கயே இருக்கணும் சிஸ்டர்."

ஒன்பதே கால். மேலதிகாரியின் போன் வந்தது. ஊரே காத்துக்கொண்டிருக்கிறது, ஐஸ் உருகினால் மருந்து வீண் என்று தொடங்கினார். விஷயத்தைச் சொன்னேன். "ஒரு பொண்ணு தூங்கலன்னு நாப்பது கொழந்தைய நிறுத்தி வெப்பீங்களா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. போன வாரம் யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

அந்த இடத்தில் பதில் சொல்ல எனக்குச் சட்டம் எதுவும் ஞாபகம் வரவில்லை. "நாப்பது பேரும் நாளைக்கும் ஊசி போட்டுக்கலாம் மேடம். இவ நாளைக்கு இருக்கணும்" என்றேன். பிறகு அவரே பக்கத்துத் துணை நிலையத்து நர்ஸை அனுப்பிப் பெட்டியை வாங்கிப் போகச் சொன்னார். ஊசி முகாம் பதினொன்றுக்கு நடந்தது. ஒரு மருந்தும் வீணாகவில்லை.

ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே, அதை நான் யாருக்கும் விரும்ப மாட்டேன். படுத்துக்கொள் என்றால் மலர் படுப்பாள், உடனே எழுந்துவிடுவாள். பால் கட்டிக்கொண்டு ஜாக்கெட் நனைந்தது. ஏழு தடவை கதவுப் பக்கம் போனாள், ஏழு தடவையும் நான் கூடவே போனேன். அவள் அம்மாவை ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது. பகலில் தூங்க விடாத மகராசி நீதானே என்று. நோட்டில் இருந்த என் கையெழுத்து வாயை அடைத்தது.

வண்டி வருகிறது என்றதும் அவர் அழ ஆரம்பித்தார். "மனநல டாக்டராம்மா? ஊரு என்னா சொல்லும்? மாப்ள வூட்ல தெரிஞ்சா கட்டிக்கினு வாழ வுடுவாங்களா? அமாவாசைக்கு மூணு நாள்தான் இருக்குது. மேல்மலையனூரு கோயிலுக்குக் கூட்டிக்கினு போயிட்டு வந்துட்டா எல்லாம் சரியாப் போயிடும் நர்சம்மா."

மேல்மலையனூர் ஆத்தாளோடு நான் சண்டைக்குப் போகவில்லை. "போலாம்க்கா. நானே கூட வர்றேன். ஆனா அதுக்கு மூணு நாள் இருக்குது. மூணு நாள் இவ தூங்காம தாங்க மாட்டா. ஊர்ல கேட்டா, பொண்ணுக்குத் தூக்கம் வர்ல, டாக்டர்கிட்டக் காட்டப் போறோம்னு சொல்லு. அது பொய்யா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொய் இல்ல" என்றார்.

"உன்மேல தப்பு சொல்லலக்கா. பகல்ல தூங்கக் கூடாதுன்னு நீ சொன்ன. ராத்திரி தூங்கக் கூடாதுன்னு நான் சொன்னேன். பாதி என்னுது."

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டபோது, அந்த அம்மா கணீரென்று சொன்னார்: "புள்ளைக்குத் தூக்கம் வர்ல. காட்டிக்கினு வரலாம்னு போறோம்." கேட்டவள், "ஐயோ பாவம், எனக்கும் ரெண்டாவதுக்கு அப்படித்தான் இருந்துச்சி" என்றாள். வேறு ஒரு வார்த்தை வரவில்லை.

தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மனசு எப்படி இருக்கு என்று கேட்டால் நம் பெண்கள் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறோம். தூங்கினியா என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது. சொல்ல வெட்கப்பட வேண்டாத வார்த்தை அது. அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் அதைக் கேட்டேன். தூக்கம் இல்லை என்று ஆரம்பித்துப் புருஷனின் குடி, மாமியாரின் பேச்சு, கருவில் போன குழந்தை என்று அவர்களே வந்து சேர்ந்தார்கள். சிரிப்பு ஏன் குறைந்தது, சோறு ஏன் இறங்கவில்லை, பெற்ற பிள்ளை மேலேயே ஏன் எரிச்சல் வருகிறது என்பதற்கெல்லாம் வழி அந்தக் கேள்வியில் இருந்தது. சில பேருக்கு மனசு கெட்டுத் தூக்கம் போயிருக்கும், சில பேருக்குத் தூக்கம் போய் மனசு கெட்டிருக்கும். எது முதலில் என்று பார்ப்பது டாக்டர் வேலை. கேட்பது நம் வேலை.

மலரை விழுப்புரத்தில் சேர்த்தார்கள். முதல் நாள் மருந்து கொடுத்ததும் பகலும் இரவுமாகத் தூங்கினாள் என்று அவள் அம்மா போனில் சொன்னார். பகலில் தூங்குகிறாள் என்பதை அவர் சந்தோஷமாகச் சொன்னதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. ஒரே தூக்கத்தில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டாள். குழந்தையைத் தூக்கவே ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு மணி நேரத்துக்கொரு பால் என்று நான் சொன்னது தப்பில்லை, அதை ஒரே ஆள் தலையில் கட்டியதுதான் தப்பு. வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரி இரண்டு வேளையை அவள் அம்மா பாலாடைச் சங்கில் ஊட்டினார், ஞாயிறு வந்த புருஷனும் கற்றுக்கொண்டான். மேல்மலையனூருக்கு மூன்றாவது அமாவாசைக்குப் போனார்கள். சொன்னபடி நானும் போனேன். கூட்டத்தில் மலர் குழந்தையை என்னிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

இதைப் பயிற்சி வகுப்புகளில் சொன்னால் கைதட்டுவார்கள். அன்றைக்கு வண்டியை அணைக்க வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்பார்கள். அனுபவம் என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். அது உண்மை இல்லை. உண்மையை இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

கிணறு என்று அந்த அம்மா சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது வேறு ஒருத்தி. நான் வேலைக்கு வந்த புதிது, உங்கள் வயசு. வேறு ஊர். ஒரு மாதக் குழந்தையோடு பகலெல்லாம் தனியாக இருந்தவள். எடை பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, "நர்சம்மா, ஒரு பத்து நிமிஷம் கொழந்தைய வெச்சுக்கினு இருக்கீங்களா? நான் கண்ண மூடிக்கறேன்" என்று கேட்டாள். கெஞ்சவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் வாட்சைப் பார்த்தேன். இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது. அடுத்த தடவை வரும்போது வெச்சுக்கறேன்ம்மா என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

அடுத்த தடவை அந்த வீட்டுக்கு நான் போனது அவள் மரணப் படிவத்தை நிரப்ப. தண்ணீர் இறைக்கும்போது கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்று வீட்டில் சொன்னார்கள், நானும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் பத்து நிமிடம் கேட்டதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.